டிராக் பாடிய பாக்கியவதி

கோலார் தங்கவயலின் கோரமண்டல் ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலுக்கு நிற்கிற கூட்டத்தில் பாதிப் பேர் தூக்கத்தோடு ஏறுவார்கள், பாதிப் பேர் சீட்டுக்கட்டோடு ஏறுவார்கள். ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில், முந்தானையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு ஒரு பெண்ணும் ஏறுவாள். தங்கம் பிரித்த மண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து அடிக்கிற மண்காற்று தொண்டையில் இறங்கிவிடக் கூடாது என்று அவளுக்குப் பயம். பெங்களூரு போய்ச் சேரும்வரை பக்கத்தில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். திமிர் பிடித்தவள் என்று ரயிலில் பேர் வாங்கியிருந்தாள். திமிரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தத் தொண்டையை நம்பித்தான் அன்றைய பிழைப்பு. அதைப் பங்காருப்பேட்டைக்கு முன்னாலேயே செலவழித்துவிட முடியுமா?

அவள் பெயர் பாக்கியவதி. தொழில், டிராக் பாடுவது.

இப்படி ஒரு தொழில் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் இலக்கணமே. சினிமாப் பாட்டோ சாமிப் பாட்டோ பதிவாகும்போது, பெரிய பாடகி வருவதற்கு முன்னால் வேறொருத்தி மெட்டு முழுவதையும் பாடி வைக்க வேண்டும். பெரிய பாடகி வந்து, ஹெட்போனை மாட்டி, அதைக் கேட்டு, எங்கே மூச்சு வாங்குவது, எங்கே குழைவது, எங்கே நிறுத்துவது எல்லாம் தெரிந்துகொண்டு, அதன்மேலேயே பாடிவிட்டுக் காரில் ஏறிப் போவார். அப்புறம் முதல் குரலை அழித்துவிடுவார்கள். தையற்காரர் துணியில் சாக்கட்டியால் கோடு போட்டு, தைத்து முடித்ததும் தட்டிவிடுகிறாரே, அந்தக் கோடுதான் பாக்கியவதி.

அந்த ஸ்டுடியோ ஒரு அடித்தளத்தில் இருந்தது. பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. பக்கத்து ஓட்டலில் ஒரு காபி வாங்கினால்தான் சாவியைக் கொடுப்பார்கள். அதனாலேயே அவளுக்குக் காபி என்றால் வெறுத்துப்போனது. அங்கே யாருக்கும் அவள் பெயர் தெரியாது. “கே.ஜி.எஃப் வந்தாச்சா?” என்றுதான் கேட்பார்கள். “கே.ஜி.எஃப், இன்னொரு டேக் போலாமா?” ஒரு ஊரையே கூப்பிட்டுப் பாடச் சொன்ன மாதிரி இருக்கும். முதலில் சிரிப்பாக வந்தது. அப்புறம் பழகிப்போனது. பழகிப்போனதுதான் தப்பு என்று பின்னாளில் தோன்றியது, ஆனால் அப்போது தொண்டையும் போய்விட்டது, ஸ்டுடியோவும் துணிக்கடையாகிவிட்டது.

இத்தனை வருடம் பாடியதில் ஒரே ஒரு பாட்டு மட்டும் அழியாமல் தப்பியது. அது ஒரு மாதா பாட்டு. ‘ஆழத்தில் இருப்பவர்க்கும் அம்மா நீயே’ என்று ஆரம்பிக்கும். கேசட் திருவிழாவுக்குக் கடைக்கு வந்தாக வேண்டும். பெரிய பாடகிக்கோ தொண்டை கட்டிக்கொண்டது. மற்ற பாட்டுகளை எப்படியோ முடித்துவிட்டு, இதை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார். பார்த்தார் ரெக்கார்டிஸ்ட் தசரதன். டிராக்கில் இருந்த குரலையே அப்படியே விட்டுவிட்டார். அட்டையில் எல்லாப் பாட்டுக்கும் பெரிய பாடகியின் பெயர்தான். படமும் அவர் படம்தான். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பின்னே, பாக்கியவதியின் வேலையே அவரைப் போலப் பாடுவதுதானே!

வித்தியாசம் தெரிந்தது ஒருவனுக்கு. அவள் புருஷன் ஆர்தர், நந்திதுர்க் சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் டிரைவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை. கீழே இருந்து மணி எத்தனை தட்டு தட்டுகிறது என்பதைக் கேட்டுத்தான் கேஜை நகர்த்த வேண்டும். ஒரு தட்டைத் தவறவிட்டால் ஆள் காலி. அப்படிப்பட்ட காது. கேசட்டை முதல் தரம் போட்டபோதே விரலைத் தூக்கினான்.

“ஏய், இரு இரு. இங்க இன்னாவோ கிணுங்குது.”

ரெண்டாவது சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் ஓய்கிற இடம். அங்கே மெல்லிசாக ஒரு வளையல் சத்தம். அந்தப் பதிவின்போது மகன் எரிக் வயிற்றில் இருந்தான். ஏழாம் மாதம் போட்ட கண்ணாடி வளையல்கள். கழற்றக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டாள். மைக் முன்னால் வளையல் போட்டுக்கொண்டு நிற்கவே விடமாட்டார்கள். கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் பாடினாள். ஒன்று மட்டும் நழுவிக் கிணுங்கிவிட்டது. டிராக் தானே, போகட்டும் என்று தசரதனும் விட்டுவிட்டார்.

அந்தப் பாட்டு கோலார் தங்கவயலில் வேர் பிடித்துவிட்டது. ‘ஆழத்தில் இருப்பவர்க்கும்’ என்றால் இந்த ஊரில் யாருக்குத்தான் தன் வீட்டு ஆள் நினைவு வராது? சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கின மனிதர்களின் வீடுகள். சுரங்கம் மூடிய பிறகும் மாதா திருவிழா கொடியேற்றத்தன்று ஒலிபெருக்கியில் முதல் பாட்டு அதுதான். கூட்டத்தில் ஆண்கள் பக்கம் ஆர்தர் நிற்பான், பெண்கள் பக்கம் பாக்கியவதி நிற்பாள். அந்த இடம் வரும்போது அவன் அங்கிருந்து அவளைப் பார்த்து ஒற்றை விரலைத் தூக்குவான். அவ்வளவுதான். அவளுக்கு அது போதும். மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தியிருந்தால்கூட அத்தனை சந்தோஷம் வந்திருக்காது.

கொரோனா இரண்டாம் அலையில் ஆர்தர் போய்விட்டான். அடுத்த வருடம் கொடியேற்றத்துக்கு அவள் போனாள். பாட்டு வந்தது, புல்லாங்குழல் ஓய்ந்தது, வளையல் கிணுங்கியது. பழக்க தோஷத்தில் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் அவரவர் போனைத் தூக்கிக் கொடியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். விரல் ஒன்றும் எழவில்லை. அன்றைக்குத்தான் புருஷன் செத்துப்போனது முழுசாக உறைத்தது. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். பக்தி முற்றிவிட்டது என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மனசு தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடற்குழுப் பெண்களிடம் சொல்லிவிட்டாள், அந்தப் பாட்டு நான் பாடியது என்று. உடனே ஒருத்தி, “ஆமா பாக்கியம், நானுந்தான் மெட்ராஸ் போயி ஹீரோயினா ஆடிட்டு வந்தேன்” என்றாள். கொல்லென்று சிரிப்பு. பாக்கியவதியும் சேர்ந்து சிரித்துவைத்தாள். வளையல் சங்கதியைச் சொன்னபோது அவர்களில் பிலோமினா டீச்சர் மட்டும், “எந்த இடத்துல கேக்குது?” என்று கேட்டார். அவரும் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, ஒப்புக்கு இடத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அதற்கப்புறம் பாடற்குழுப் பக்கம் போகவில்லை, யாரிடமும் வாயைத் திறக்கவும் இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் எரிக்கிடம் சொன்னால், “சரி மம்மி, சரி மம்மி” என்பான், மருந்து குடிக்க மறுக்கிற குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

இப்படி இருக்கும்போதுதான் போன ஆனி மாதம் பவ்யா வந்தாள்.

பவ்யா பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறவள். பாட்டுத் தொழிலில் பேர் வராமல் உழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள், இப்போது எப்படிப் பிழைக்கிறார்கள் என்று விசாரிப்பது அவள் வேலை. கோரஸ் பாடினவர்கள், தபேலா வாசித்தவர்கள், நோட்டு எழுதிக் கொடுத்தவர்கள் என்று தேடித் தேடிப் போய், தசரதனிடம் வந்து, தசரதன் ‘கே.ஜி.எஃப்னு ஒரு அம்மா இருந்தாங்க’ என்று சொல்ல, ஊர் பேரையே வீட்டு விலாசமாக வைத்துக்கொண்டு கோரமண்டலின் தொழிலாளர் குடியிருப்புகளில் லைன் லைனாக விசாரித்து வந்திருந்தாள். பிடிவாதக்காரி. வந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மேசைமேல் சின்ன மைக் ஒன்றை வைத்தாள்.

மைக்கைப் பார்த்ததும் பாக்கியவதி யாரும் சொல்லாமலே எழுந்து பிரிட்ஜை நிறுத்தினாள். ஃபேனை நிறுத்தினாள். கதவைச் சாத்தினாள். கையிலிருந்த ஒற்றை வளையலைக் கழற்றி அலமாரியில் வைத்தாள்.

“சூப்பர் ஆண்ட்டி, நான் சொல்லவே வேணாம்” என்றாள் பவ்யா. “ஒந்து நிமிஷ, லெவல் பாத்துக்கறேன். உங்க பேரு, ஊரு சொல்லுங்க.”

பாக்கியவதி வாயைத் திறந்தாள். ‘ஒன்’ என்று வாய்வரை வந்துவிட்டது. லெவல் பார்க்க எல்லோரும் ஒன் டூ த்ரீ என்றுதான் சொல்லச் சொல்வார்கள். மைக் முன்னால் நிற்க வைத்து அவள் பெயரை ஒருத்தரும் கேட்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“என் பேரு பாக்கியவதி ஆர்தர், கோரமண்டல். நான் பாட்டு பாடறவ.”

‘பாடினவ’ என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் அப்படி வந்துவிட்டது.

பவ்யா கேட்கக் கேட்க அவள் பேசினாள். கையில் கவர் கொடுப்பார்கள், ரசீது கிடையாது என்பதைச் சொன்னாள். காபி வாங்கிச் சாவி வாங்கிய கதையைச் சொன்னாள். ஜுரத்தோடு பாடிய நாளில் குரல் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினதைச் சொன்னாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நாட்களில் பாட்டு இழுத்துக்கொண்டே போக, ரவிக்கை நனைந்து முந்தானையால் மூடிக்கொண்டு பாடினதை, ஆர்தரிடம்கூடச் சொல்லாததை, இந்தப் பெண்ணிடம் சொன்னாள். டிராக் பாடுகிறவர்களுக்கு இப்போது அந்த வேலையும் இல்லை, கம்ப்யூட்டரே பாடிவிடுகிறது என்று பவ்யா சொன்னபோது, “கம்ப்யூட்டருக்குக் காபி வாங்க வேணாமே” என்றாள். ரெண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டு எத்தனை நாளாயிற்று!

கடைசியில் மாதா பாட்டைப் பற்றிச் சொன்னாள். பவ்யா போனில் பாட்டைத் தேடிப் போட்டாள். கிணுங் என்றது. பவ்யா கண்ணை அகல விரித்து, “அய்யோ ஆண்ட்டி!” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு பாக்கியவதி தரையில் கால் படாமல் நடந்தாள். லைன் வீடுகளுக்குச் சுவர் பொது. இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் ‘நூறு வயசு’ என்பார்கள். பக்கத்து வீட்டுப் பார்வதம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, “இன்னா பாக்கியம், பாட்டு பாடிகினு கீற?” என்றாள்.

“சும்மாக்கா.”

சும்மா இல்லை. எழுத்தில் ஏறப்போகிறது. இன்னார் பாடியது என்று ஒரு இடத்தில் இருந்துவிட்டால் போதும். மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் காட்டலாம், சிரித்தவர்களிடம் காட்டலாம், எரிக்கிடம் காட்டலாம். எல்லாவற்றுக்கும் மேல், கொடியேற்றத்தன்று யாராவது ஒருவராவது அந்த இடத்தில் திரும்பித் தன்னைப் பார்ப்பார்கள். இவ்வளவுதான் அவள் ஆசை. பேராசை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பத்து நாள் கழித்துப் பவ்யா போன் செய்தாள். குரல் சுரத்தில்லாமல் இருந்தது.

“ஆண்ட்டி, எங்க வக்கீல் பாத்தாங்க. கேசட்டு மேல வேற ஒருத்தங்க பேரு இருக்கு. உங்க பேரையும் போட்டு அந்தப் பாட்டுக் கதையையும் போட்டா, கம்பெனி உங்க மேலயே கேஸ் போடலாமாம். ஆராய்ச்சியில பேசினவங்களுக்குக் கஷ்டம் வரக் கூடாதுன்னு எங்களுக்கு ரூல்ஸ். அதனால ரெண்டுல ஒண்ணுதான் ஆண்ட்டி. உங்க பேரு வேணும்னா பாட்டுக் கதையை எடுத்துடணும். பாட்டு வேணும்னா பேரு, ஊரு, அங்கிள், பையன், எதுவும் வரக் கூடாது. நீங்களே சொல்லுங்க.”

“நாளைக்குச் சொல்றேன்மா” என்று போனை வைத்தாள்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான். பெயரை வைத்துக்கொண்டு பாட்டை விடுவதா? பாக்கியவதி என்று ஒரு பெண் டிராக் பாடினாள் என்று எழுதினால் எவன் மதிப்பான்? அழிந்துபோன பாட்டுகளுக்கு அவள் பேரை வைத்து என்ன செய்ய? பாட்டை வைத்துக்கொண்டு பெயரை விடுவதா? அதற்குத்தான் இத்தனை வருடம் ஸ்டுடியோவில் விட்டாளே. ஆர்தர் இருந்தால் கேட்டிருக்கலாம். ஆர்தர் இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

மறுநாள் தண்ணீர் பிடிக்கும்போது பார்வதம்மாவிடம், ஊர் உலகத்தைக் கேட்பதுபோல, “ஏங்க்கா, ஒருத்தருக்குப் பேரு முக்கியமா, செஞ்ச வேலை முக்கியமா?” என்று கேட்டாள்.

பார்வதம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “பேரு பெத்த பேரு, தாக நீளு லேது” என்றாள். பெரிய பேர்தான், குடிக்கத் தண்ணி இல்லை என்று தெலுங்கில் ஒரு பழமொழி. “நம்ம ஊரையே பாரேன். தங்கவயல்னு உலகத்துக்கே தெரியும். குழாயில தண்ணி வருதா?”

அவள் தண்ணீரைப் பற்றித்தான் சொன்னாள். பாக்கியவதி அதைத் தனக்குச் சொன்ன தீர்ப்பாக எடுத்துக்கொண்டாள். தவிர, உள்ளுக்குள் அவளுக்கு ஒரு கணக்கும் இருந்தது. பெயர் போடாவிட்டால் என்ன, வளையல் இருக்கிறதே! பெங்களூருக்குப் பாடப்போன பெண், மாதா பாட்டு, வளையல் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால் இந்தப் பங்கில் யாருக்கும் விளங்கிவிடாதா? ரயிலில் அவளைத் திட்டாதவர்கள் யார்? பாடற்குழுவில் அவள் வாயாலேயே கேட்டுச் சிரித்தவர்கள்தானே எல்லோரும்? எழுதித்தான் காட்ட வேண்டுமா, தன் ஊருக்குத் தன்னைத் தெரியாதா என்று நம்பினாள்.

“பாட்டையே வெச்சுக்கோம்மா” என்றாள் பவ்யாவிடம்.

ஆவணி பிறந்ததும் அது வெளியே வந்தது. அறிக்கை தனி, அதோடு, போனில் கேட்கிற மாதிரி ஒரு ஒலித்தொடரும் தமிழிலும் கன்னடத்திலும் செய்திருந்தார்கள். பவ்யா லிங்க் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். “ஆண்ட்டி, உங்க குரலை வெச்சே யாரும் கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னு ஒரு நாடகக்கார மேடத்தைப் பேச வெச்சோம். அவங்க ஹெட்போன்ல உங்களைக் கேட்டுக் கேட்டு, நீங்க நிறுத்தற இடத்துல நிறுத்தி, அப்படியே பேசியிருக்காங்க. உங்க பேரு, ஊரு வர்ற இடத்தை மட்டும் நான் சும்மா விட்டிருக்கேன், உங்க டைமிங் அப்படியே. அந்த மௌனம் கேக்கறவங்களுக்கு உறைக்கணும்னு. சென்னாகிதே ஆண்ட்டி, நிஜமா நல்லா வந்திருக்கு.”

பாக்கியவதி கேட்டாள். கணீரென்ற ஒரு குரல் அவள் ரயிலில் ஏறியதை, அவள் காபி வாங்கியதை, அவள் ரவிக்கை நனைந்ததைச் சொன்னது. எல்லாம் சரியாக இருந்தது. அவள் மூச்சு வாங்கிய இடத்தில் அந்த அம்மா மூச்சு வாங்கினார். அவள் சிரித்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நன்றாகவே சிரித்தார். பாவம் பவ்யா, நல்ல பெண். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் தொழில் தெரிந்தவளுக்குத் தெரியாதா? பேட்டி என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு அவள் பாடிக் கொடுத்ததும் ஒரு டிராக்தான்.

சரி, போகட்டும் என்று காத்திருந்தாள். பங்கு வாட்ஸாப்பில் யாரோ லிங்கைப் போட்டார்கள். ‘நம்ம மாதா பாட்டு, நம்மளை மாதிரி ஒரு அம்மா பாடினதாம்’ என்று பரபரப்பு. இன்னொருவர், இந்தம்மா பேசறது நம்ம பக்கத்துப் பேச்சுதான், இது நம்ம ஊர்தான் என்று அடித்துச் சொன்னார். பாக்கியவதி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ரெண்டு நாள் வெளிக்கதவைத் திறந்தே வைத்திருந்தாள். வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று பேக்கரியில் ரஸ்க்கும் வாங்கி வைத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கரோலின் வந்தாள். பிலோமினா டீச்சரின் மகள். டீச்சர் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. வாசலிலேயே கரோலின் கண் கலங்கியிருந்தது. பாக்கியவதி எழுந்து நின்றாள். கடைசியில் ஒருத்தியாவது வந்துவிட்டாள்!

“ஆண்ட்டி, கேட்டீங்களா? அந்தப் பாட்டு எங்க மம்மி பாடினது!”

பாக்கியவதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“மம்மி டிரெயினிங்கு, மீட்டிங்குன்னு அடிக்கடி பெங்களூர் போவாங்க இல்ல? போறதுக்கு முன்னாடி எப்பவோ பேட்டியும் குடுத்திருக்காங்க, எங்ககிட்டகூடச் சொல்லல பாருங்க. எல்லாரும் அவங்கதான்னு சொல்றாங்க. எப்பவும் கண்ணாடி வளையல்தானே போடுவாங்க. ஃபாதர்கூட, கொடியேத்தத்துல மம்மி போட்டோவை வெச்சு மாலை போடலாம்னுட்டாரு.”

“யாரு சொன்னது டீச்சர்னு?” என்றாள் பாக்கியவதி.

“சொல்லணுமா ஆண்ட்டி? கடைசி ரெண்டு மூணு வருஷமா அந்தப் பாட்டு எங்க வந்தாலும் மம்மி என் கையைப் புடிச்சு நிறுத்துவாங்க. ‘இரு கரோலின், இப்ப ஒரு வளையல் சத்தம் கேக்கும் பாரு’ன்னு விரலைத் தூக்குவாங்க. இத பாடினவங்க பட்ட பாடு யாருக்கும் தெரியாதும்பாங்க. ஆஸ்பத்திரியில கடைசியாக்கூட அதத்தான் போடச் சொன்னாங்க. அவங்களுக்குத் தெரியலன்னா வேற யாருக்கு ஆண்ட்டி தெரியும்?”

சொல்லிவிட்டுக் கரோலின் விம்மி விம்மி அழுதாள்.

அன்றைக்குப் பாக்கியவதி சொன்னது, சிரித்தவர்களுக்கு அந்தச் சிரிப்போடே மறந்துபோயிருக்கிறது. ஆனால் ‘எந்த இடத்துல கேக்குது?’ என்று டீச்சர் கேட்டது கிண்டலுக்கு இல்லை. கேட்டுப் பார்த்திருக்கிறார். நம்பியிருக்கிறார். ஆர்தருக்கு அப்புறமும் இந்த ஊரில் ஒரு விரல் எழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, இரண்டு தெரு தள்ளி. இவள்தான் பாடற்குழுவை விட்டு விலகி, வீட்டுக்குள் சுருண்டுகொண்டு, யாரும் இல்லை யாரும் இல்லை என்று கிடந்தாள். ஒரு தரம் டீச்சர் வீட்டுப் பக்கம் போயிருந்தால்? போகவில்லையே.

நான்தான் என்று இப்போது சொல்லலாம். சாட்சிக்குப் போனில் பவ்யா இருக்கிறாள். சொன்னால் கரோலின் நம்பவும் கூடும். நம்பினால் அந்தப் பெண் கையில் இருக்கிற அம்மாவை இன்னொரு தரம் பிடுங்கின மாதிரி ஆகும். தன்னை நம்பின ஒரே பொம்பளையின் படத்துக்கு விழப்போகிற மாலையை, எப்படித் தன் கழுத்துக்குக் கேட்பது?

“நீங்க பெங்களூர்ல பாடினவங்க ஆச்சே ஆண்ட்டி. கொடியேத்தத்துல மம்மி பாட்டைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசறீங்களா?”

“பேச்செல்லாம் எனக்கு வராதும்மா.” ஒரு ரஸ்க்கை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். “உங்கம்மாவுக்கு நல்ல காதும்மா. அதை மட்டும் எல்லாருக்கும் சொல்லு.”

கரோலினுக்கு அது பாராட்டாகப் பட்டதோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

வெளியே வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. எரிக்கைக் கூப்பிடலாமா என்று பாக்கியவதி போனை எடுத்தாள். ஆபீஸ் நேரம், ‘சரி மம்மி’ என்பான். வைத்துவிட்டாள். அப்புறம் எழுந்து பிரிட்ஜை நிறுத்தினாள். ஃபேனை நிறுத்தினாள். கதவைச் சாத்தினாள். பவ்யா அனுப்பியதைப் போட்டுப் போனை மேசைமேல் வைத்தாள், மைக் இருந்த அதே இடத்தில்.

அந்த நாடகக்கார அம்மாவின் குரல் ஆரம்பித்தது.

“என் பேரு...”

அப்புறம் வெறும் அமைதி. வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டார். பாக்கியவதிக்கு வெட்கமாகப் போயிற்று. இத்தனை வருடத்தில் ஒரு தரம்கூட அவள் இடம் தவறி வந்ததில்லை. முதலிலிருந்து போட்டாள். இந்தத் தடவை நிமிர்ந்து நின்று, கையைத் தொடையில் வைத்துத் தாளம் பிடித்து, முன்கூட்டியே மூச்சை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

“என் பேரு...”

“பாக்கியவதி ஆர்தர், கோரமண்டல்.”

“நான் பாட்டு பாடறவ.”

இம்மியும் பிசகவில்லை. அவள் பெயரை வெட்டி எடுத்த பள்ளம்தானே அது, அவள் பெயருக்கு அளவாகத்தான் இருந்தது. மறுபடி போட்டாள். மறுபடி சொன்னாள். நான்காவது தரமோ ஐந்தாவது தரமோ குரல் தானாகவே கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்வதம்மா கேட்டாள். “பாக்கியம், யாரு வந்துகீறாங்க? யாரோ ரெண்டு பேரு பேர் சொல்லிப் பேசற மாதிரி கேக்குதே.”

பாக்கியவதி போனை நிறுத்தினாள்.

“யாரும் வரலக்கா,” என்றாள். “நான்தான்.”